வெற்றிடம் என்று எழுதியவன்

1976ஆம் வருஷக் கடைசியில் நான் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தேன். ஆசிரியர் பயிற்சித் தேர்வை வெளியிலிருந்து தனியாகப் படித்து எழுதுகிறவர்களுக்கான அறிவியல் புத்தகம் அது. மதுரையில் பால்பாண்டி என்பவர் சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்தி வந்தார். அவர்தான் கேட்டார். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. போடியில் கல்லூரி ஒன்றில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் மற்ற எல்லாருக்கும் ஏலக்காய் வியாபாரம். அத்தாவும் அண்ணன்மாரும் காயை விரலால் உருட்டிப் பார்த்தே எந்த மலைக் காய் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அது வரவில்லை, படிப்பு வந்தது. அதனால் வீட்டில் என்னைப் 'புரபசர்' என்று கூப்பிடுவார்கள். பாதி பெருமை, பாதி கேலி. 'தமிழில்: சம்சுதீன்' என்று அச்சில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் ஒப்புக்கொண்டு, மூன்றே மாதத்தில் முடித்துக் கொடுத்தேன்.

அந்தப் புத்தகத்தில் நான் தவறாக எழுதிய ஒரு சொல்லைப் பற்றியும், அதனால் ஒருவருக்கு நேர்ந்ததைப் பற்றியும்தான் சொல்லப்போகிறேன்.

வானியல் பகுதியில் 'இன்டர்ஸ்டெல்லார் மீடியம்' என்று நான்கு இடங்களில் வந்தது. இன்டர்ஸ்டெல்லார் என்றால் விண்மீன்களுக்கு இடையில் உள்ளது. அந்தப் பாதியில் எனக்குச் சிக்கல் இல்லை. மீடியம் என்ற பாதியில்தான் நின்றேன். மீடியம் என்றால் ஊடகம். விண்மீன்களுக்கு இடையில் என்ன ஊடகம் இருக்க முடியும்? ஒளி பரவுவதற்காக ஈதர் என்று ஒன்று வெளி முழுவதும் நிறைந்திருக்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்பினார்கள். அப்படி எதுவும் கிடையாது என்று பிறகு தெரிந்துவிட்டது. வருஷாவருஷம் வகுப்பில் நானே இதைச் சொல்லுகிறேன். மூல ஆசிரியர் பழைய பழக்கத்தில் அந்த ஈதரைத்தான் மீடியம் என்கிறார் என்று முடிவு கட்டினேன். புத்தகம் சுருக்கமானது, அந்தச் சொல்லை எங்கேயும் விளக்கவில்லை. எந்த அகராதியிலும் நான் தேடவில்லை. யாரையும் கேட்கவுமில்லை. நான்கு இடத்திலும் 'விண்மீன்களுக்கு இடையே உள்ள வெற்றிடம்' என்று எழுதினேன். வெள்ளைக்காரன் எழுதியதையே திருத்திவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு.

புத்தகம் வந்தது. நன்றாகவே போயிற்று. தேனிப் பக்கத்திலும் மலையிலும் வேலையில் இருந்துகொண்டே தேர்வு எழுதுகிறவர்கள் நிறையப் பேர் அதைத்தான் படித்தார்கள்.

1977 செப்டம்பரில் எனக்கு ஒரு இன்லண்டு கடிதம் வந்தது. பதிப்பகத்துக்கு எழுதி, என் விலாசம் வாங்கி எழுதியிருந்தார்கள். போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே இருந்த ஓர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தின் ஆசிரியை. பெயர் சுருளியம்மாள். எழுத்து குண்டு குண்டாக, கோடு போட்டதுபோல் நேராக இருந்தது.

'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புத்தகத்தில் 112ஆம் பக்கத்தில் விண்மீன்களுக்கு இடையே இருப்பது வெற்றிடம் என்று உள்ளது. 140ஆம் பக்கத்தில், தொலைவிலுள்ள விண்மீன்களின் ஒளி வழியிலுள்ள தூசியால் மங்கியும் சிவந்தும் தெரிகிறது என்று உள்ளது. வெற்றிடம் என்றால் அதில் தூசி எப்படி இருக்கும்? தூசி இருந்தால் அதை வெற்றிடம் என்று சொல்லலாமா? எங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தால் பால்வெளியின் நடுவே கருப்பாக ஒரு பிளவு போலத் தெரிகிறது. அங்கே விண்மீன்கள் இல்லையா, அல்லது தூசி மறைக்கிறதா? வரும் ஏப்ரலில் தேர்வு எழுதுகிறேன். எதை எழுத வேண்டும் என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.'

140ஆம் பக்கத்தில் தூசி பற்றிய வரியை நான்தான் எழுதியிருந்தேன். மூலத்தில் இருந்ததை அப்படியே தமிழாக்கி, அர்த்தத்தை யோசிக்காமலே தாண்டிப் போயிருக்கிறேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர், அதுவும் பயிற்சித் தேர்வே இன்னும் எழுதாதவர், என் புத்தகத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறாரா என்று தோன்றியது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கடிதத்தை என் கைப்பிரதிக் கட்டுக்குள் செருகி வைத்தேன். பதில் எழுதவில்லை. ஒரு மாதம் கழித்து அப்படியொரு கடிதம் வந்ததே நினைவில் இல்லை.

நான்கு வருஷம் போயிற்று. 1981 செப்டம்பரில் கல்லூரி ஆசிரியர்களுக்கு மதுரையில் பத்து நாள் வகுப்பு நடந்தது. ஒரு நாள் வானியல் ஆய்வுக்கூடத்தில் வேலைபார்க்கும் ஒருவர் வந்து பேசினார். மெலிந்த மனிதர், சத்தமே வராத குரல். கரும்பலகையில் இரண்டு புள்ளி வைத்து, நடுவில் சாக்பீஸைப் படுக்கப் போட்டு வெள்ளையாகத் தேய்த்தார்.

"இந்தப் புள்ளிகளைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். நடுவில் இருப்பதையும் பேச வேண்டும்" என்று ஆரம்பித்தார். அதில் வாயு இருக்கிறது, ஒரு கன சென்டிமீட்டரில் சராசரியாக ஓர் அணு என்கிற அளவுக்கு மெலிந்தது, தூசியும் இருக்கிறது, அது சில இடங்களில் மேகமாகச் சேர்கிறது, பின்னால் உள்ள விண்மீன்களை மறைக்கிறது, அந்த மேகங்களுக்குள்தான் புதிய விண்மீன்கள் உண்டாகின்றன. இவ்வளவும் சேர்ந்ததுதான் இன்டர்ஸ்டெல்லார் மீடியம் என்றார்.

எழுந்து கேட்டேன்: "மீடியம் என்றால் அது ஈதர் இல்லையா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இல்லை. ஈதர், இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டது. இது, இருப்பது. பார்த்து, அளந்து சொன்னது" என்றார்.

அன்று சாயங்கால ரயிலிலேயே போடிக்குத் திரும்பினேன். வந்ததும் பீரோவிலிருந்து கைப்பிரதிக் கட்டை இறக்கினேன். புத்தகம் அதற்குள் மூன்று முறை அச்சாகியிருந்தது. கட்டைப் பிரித்தபோது அந்தக் கடிதம் கீழே விழுந்தது.

ஜெய்னம்பு எடுத்துப் படித்தாள். என் மனைவி அவள். எட்டாவது வரைக்கும் படித்தவள்.

"இதுக்குப் பதில் போட்டீங்களா?"

"இல்ல."

"ஏன் போடல?"

நான் கைப்பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பிள்ள என்னத்த எழுதுச்சோ" என்றாள். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்து, "இப்பப் போயி கடுதாசி போடாதீங்க. நேர்ல போங்க" என்றாள்.

மறுநாள் காலை ஜீப்பில் ஏறினேன். எஸ்டேட் வேலைக்குப் போகிற ஆட்களோடு, ஒரு தூக்குச்சட்டி என் மடியில், இன்னொன்று என் காலடியில். அடிவாரத்து ஊரான முந்தலைத் தாண்டி வளைவுகளில் ஏற ஏற மூடுபனி இறங்கி வந்தது. பக்கத்தில் இருந்த பெண் நான் எங்கே போகிறேன் என்று விசாரித்தாள். பள்ளிக்கூடத்துக்கு, சுருளியம்மாள் டீச்சரைப் பார்க்க என்றேன். அவள் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

"டீச்சர் ஸ்டோர்ல உண்டு சாரே. பள்ளிக்கூடத்துல இப்ப இல்ல" என்றாள்.

ஏதோ வேலையாக ஸ்டோருக்குப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு முதலில் பள்ளிக்கூடத்துக்கே போனேன். தகரக் கூரை போட்ட ஒரே அறை. ஓர் இளைஞர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வெளியே வந்து, அவரே சொன்னார்: "அவங்கள நிறுத்தி மூணு வருசம் ஆச்சுங்க சார். டிரெயினிங் பரீட்சை பாஸ் பண்ணாதவங்கள வச்சிருக்கக் கூடாதுன்னு ஆர்டர் வந்துச்சு. அந்த வருசம் எழுதுனாங்க, போயிருச்சு. அப்புறம்தான் என்னப் போட்டாங்க. இங்கயே லயத்து வீட்டுலதான் இருக்காங்க, காய் ஸ்டோர்ல வேல பாக்குறாங்க."

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் அங்கிருந்து இரண்டு பர்லாங்கு இறக்கத்தில் இருந்தது. அந்த இரண்டு பர்லாங்கை நான் நடந்த மாதிரி என் வாழ்நாளில் எங்கேயும் நடந்ததில்லை. வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஸ்டோருக்குள் சூடாக இருந்தது. ஏழெட்டுப் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, உலர்ந்த காயைப் பரப்பி வைத்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை கெடாத காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம். யார் டீச்சர் என்று கேட்டதும் ஒருவர் தலை நிமிர்ந்தார். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். சேலைக்கு மேல் ஓர் ஆண் சட்டை போட்டிருந்தார்.

"நான் சம்சுதீன். போடியிலருந்து வர்றேன். அந்த அறிவியல் புஸ்தகத்தத் தமிழ்ல எழுதுனவன்" என்றேன்.

அவர் விரல்கள் நின்றன. "ஒரு லெட்டர் போட்டிருந்தேன். கெடச்சுச்சா சார்?"

"கெடச்சுச்சு."

"எப்ப?"

"நீங்க போட்ட அந்த வாரமே."

அவர் மறுபடி காயைப் பொறுக்க ஆரம்பித்தார். "உக்காருங்க. சோலி நின்னா மேஸ்திரி சத்தம் போடுவாரு. நீங்க சொல்லுங்க, எனக்குக் காது கேக்கும்."

ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மீடியம் என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொண்டேன், மதுரையில் என்ன கேட்டேன், 112ஆம் பக்கம்தான் தவறு, 140ஆம் பக்கம் சரி, கடிதத்தைப் படித்தும் பதில் எழுதவில்லை என்பது வரைக்கும். அவர் காயைப் பிரித்துக்கொண்டே கேட்டார். மற்ற பெண்களும் கேட்டார்கள்.

நான் முடித்த பிறகு கேட்டார்: "இத எதுக்கு சார் இப்ப வந்து சொல்றீங்க?"

"சொல்லிட்டா மனசு ஆறும்னுதான்..."

"யாருக்கு?"

அவர் ஒரு கைப்பிடி காயை முறத்தில் போட்டார்.

பிறகு அவராகவே பேசினார். கோபமாகப் பேசவில்லை. பாடம் சொல்லுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"உங்க பதில் வரும்னு தை மாசம் வரைக்கும் பாத்தேன். வரல. அப்புறம் நானே யோசிச்சேன். ரெண்டு பக்கத்துல ஒண்ணுதான் சரியா இருக்க முடியும். வெளிச்சம் மங்குது, செவக்குதுன்னா அத யாரோ பாத்திருக்காங்க. பாக்காம அப்பிடிச் சொல்ல மாட்டாங்க. வெற்றிடம்னு சொல்றதுக்கு யாரும் எதையும் பாக்க வேண்டியதில்ல, சும்மா உக்காந்து நெனச்சாலே போதும். அதனால தூசிதான் சரின்னு முடிவு பண்ணேன். அந்த வருசம் பரீட்சையில அதே கேள்வி வந்துச்சு. விண்மீன்களுக்கு இடையே உள்ள வெளி எத்தகையதுன்னு. மூணு மார்க்கு. அது வெற்றிடம் இல்ல, ரொம்ப மெலிசா தூசி இருக்குன்னு எழுதுனேன். அறிவியல்ல பாசாக நாப்பது வேணும். எனக்கு முப்பத்தெட்டு."

அவர் ஒரு வெடித்த காயை எடுத்துத் தனியே போட்டார்.

"அதனாலதான் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன் சார். வேற எதுலயாச்சும் கொறஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியாது" என்றார்.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. என்னை நானே கொஞ்சம் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன். "ஒண்ணு சொல்றேன் டீச்சர். எங்க லேப்ல பம்பு வச்சு காத்த உறிஞ்சி வெற்றிடம்னு காட்டுறோமே, அதுல இருக்குறதவிட விண்மீனுக்கு நடுவுல ரொம்பக் கம்மியாத்தான் இருக்கு. அப்பிடிப் பாத்தா வெற்றிடம்ங்கிறது முழுக்கத் தப்புன்னும் சொல்ல முடியாது" என்றேன்.

அவர் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அப்ப அப்பிடி எழுதிருக்கணும்ல சார்? ரொம்பக் கொறவா இருக்குன்னு எழுதிருக்கணும். இல்லைன்னு எழுதுனா இல்லைன்னுதான அர்த்தம்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"எம்பரீட்சைய நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. என் கேள்விக்குப் பதில் எழுதுங்க. இங்க உக்காந்து வேணாம். வீட்டுக்குப் போயி நல்லா யோசிச்சு எழுதி, தபால்ல போடுங்க" என்றார்.

போடிக்கு வந்ததும் கோட்டைச்சாமியைத் தேடிப் போனேன். எங்கள் கல்லூரியில் வேதியியல் ஆசிரியர், அந்தத் தேர்வுக்கு வருஷந்தோறும் விடைத்தாள் திருத்தப் போகிறவர். 1978இல் அந்தக் கேள்விக்கு என்ன விடையை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"வெற்றிடம்னுதான். உம்புஸ்தகத்த வச்சுத்தான்யா விடைக்குறிப்பே போட்டோம். ஏன், என்ன?"

"வேற எழுதுனா?"

"வேற எழுதுனா சைபர்தான். இதுல போயி பாதி மார்க்கா குடுப்பாங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். இரண்டு பேருமாகச் சேர்ந்து மேலே விண்ணப்பம் எழுதிப் போட்டோம். ஒரு மாதத்தில் பதில் வந்தது. பழைய விடைத்தாள்கள் எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டன, எதையும் மறுபரிசீலனை செய்ய வழியில்லை என்று இரண்டே வரி.

சுருளியம்மாளுக்குப் பதில் எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. எழுதும்போதுதான் அந்தச் சொல்லின் முழுக் கஷ்டமும் தெரிந்தது. இன்டர்ஸ்டெல்லார் என்பது தனியாக நிற்காத சொல். இடையில் உள்ள என்றால், எது இடையில் உள்ளது என்று கேள்வி வருகிறது. வெளி என்று சேர்த்தால் தூரம். மேகம் என்று சேர்த்தால் அதில் கிடக்கும் வாயுவும் தூசியும். பயணம் என்று சேர்த்தால் ஒரு சூரியனை விட்டு இன்னொரு சூரியனுக்குப் போவது. எது பின்னால் வருகிறதோ அதற்குத் தகுந்தபடி எழுத வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மூடியாகப் போட்டு மூடியிருக்கிறேன். மீடியத்துக்கு 'விண்மீனிடை ஊடகம்' என்று எழுதலாம் என்று யோசிக்கிறேன், உங்கள் கருத்து என்ன என்று கேட்டேன். பால்வெளியில் தெரியும் கரிய பிளவைப் பற்றி அவர் கேட்டிருந்ததற்கும் பதில் எழுதினேன்: அங்கே விண்மீன்கள் உண்டு, தூசி மறைக்கிறது. விடைக்குறிப்பைப் பற்றிக் கோட்டைச்சாமி சொன்னதையும் மறைக்காமல் எழுதினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. அந்தப் பதிலில் எனக்கு நன்றி ஏதும் இல்லை. புத்தகத்தில் இன்னும் மூன்று பிழைகளைப் பக்க எண்ணோடு எழுதியிருந்தார். அதில் ஒன்று: வியாழன் கோளுக்கு அனுப்பிய விண்கலத்தைப் பற்றிய பகுதியில் நான் 'விண்மீன்களுக்கு இடையேயான பயணம்' என்று போட்டிருந்தேன். 'வியாழன் நம் சூரியனைச் சுற்றும் கோள்தானே? அது கோள்களுக்கு இடையேயான பயணம் அல்லவா?' என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: 'ஊடகம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் புரியாது. எனக்கே இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. விண்மீனிடைப் பொருள் என்று போட்டால் அங்கே ஏதோ பொருள் இருக்கிறது என்பதாவது விளங்கும்.'

புத்தகத்தை எடுத்துக்கொண்டு பால்பாண்டியிடம் போனேன். அவருக்கு நான் பேசுவது ஒன்றும் பிடிபடவில்லை.

"எண்ணூறு காப்பி கட்டுக் கட்டா கெடக்கு சார். வானத்துல தூசி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? யாரு போயிப் பாக்கப் போறா?"

"ஒருத்தர் பாத்தாரு. அவருக்கு வேல போயிருச்சு" என்றேன்.

அவர் புத்தகத்தை வாங்கி 112ஆம் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தார். பிறகு, ஆள் போட முடியாது, நீங்களே வந்து ஒட்டுவதானால் ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார். சுருளியம்மாள் சொன்ன 'விண்மீனிடைப் பொருள்' என்ற சொல்லையே போட்டுச் சின்னத் திருத்தச் சீட்டுகள் அச்சடித்தோம். நாலு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் மதுரைக்குப் போய், அவர் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்த கிட்டங்கியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிரதியாகத் திறந்து, பழைய வரிகளின்மேல் சீட்டை ஒட்டினேன். இரண்டாவது வாரத்திலிருந்து ஜெய்னம்புவும் கூட வந்தாள். பசையைத் தடவிக் கொடுப்பாள், நான் ஒட்டுவேன். அடுத்த பதிப்பை 1982இல் முழுவதும் திருத்தி அச்சுக் கோத்தோம். முன்னுரையில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று சுருளியம்மாளுக்கு எழுதிக் கேட்டேன். 'வேண்டாம். பரீட்சையில் தவறியவர் சொல்லித் திருத்தினார் என்றால் புத்தகத்தை யார் வாங்குவார்கள்?' என்று தபால் அட்டையில் எழுதிப் போட்டார். அது கிண்டலா, வருத்தமா, இரண்டுமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மறுபடி தேர்வு எழுதுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தானாகவே எழுதினார். 1983இல் ஒரு நாள் கோட்டைச்சாமிதான் பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அறிவியலில் அறுபத்தேழு. நான் மலைக்கு ஓடிப்போய்ப் பாராட்டவில்லை. அது என் சந்தோஷம் அல்ல என்று ஜெய்னம்பு சொன்னாள். அவள் சொன்னது சரி. ஒரு வரி எழுதிப் போட்டேன், அவ்வளவுதான்.

தேர்வில் வென்றாலும் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அவருக்கு இடமில்லை. அங்கே இருந்த இளைஞர் நிரந்தரமாகிவிட்டார். சுருளியம்மாள் இன்னும் ஒரு வருஷம் ஸ்டோரிலேயே காய் பொறுக்கினார். 1984 ஜூன் மாதத்தில் மலையடிவாரத்தில் தேவாரம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது.

1985இல் பாடத்திட்டம் மாறியது. அந்தத் தேர்வுக்கான அறிவியலில் வானியல் பகுதியை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். பால்பாண்டி புதுப் பதிப்பில் இருபத்தெட்டுப் பக்கத்தைக் குறைத்தார். நான் திருத்திய பக்கங்கள் எல்லாம் அதில் அடக்கம். அதைச் சுருளியம்மாளிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் பஸ்சில் தேவாரம் போனேன்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் வேலி சாய்ந்து கிடந்தது. முந்தின வாரம் யானை இறங்கிச் சோளத்தை மிதித்துப் போட்டு அந்த வழியாகப் போயிருந்தது. பிள்ளைகள் நாலைந்து பேர் காலடித் தடத்தைச் சுற்றி நின்று கையால் அளந்துகொண்டிருந்தார்கள். சுருளியம்மாள் மரத்தடிக்கு வந்தார். மூன்றரை வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். முன்தலை நரைத்திருந்தது.

விஷயத்தைச் சொன்னேன்.

"திருத்துனதுக்கு அப்புறம் எத்தன பேரு வாங்கிருப்பாங்க?"

"சீட்டு ஒட்டுனது எண்ணூறு. புதுசா அடிச்சது ஆயிரத்தி ஐநூறு."

"அப்ப அத்தன பேரு ஒழுங்காப் படிச்சிருக்காங்க" என்றார்.

கிளம்பும்போது எனக்குத் தாங்கவில்லை. "டீச்சர், நான் உங்ககிட்ட ஒரு தடவகூட முறையா மன்னிப்புக் கேக்கல" என்றேன்.

அவர் யானைத் தடத்தில் நின்ற பிள்ளைகளை ஒரு கண் பார்த்துக்கொண்டார்.

"நீங்க நல்லவருதான் சார். மல ஏறி வந்து சொன்னீங்க, வேற யாரும் வந்திருக்க மாட்டாங்க. ஆனா மன்னிச்சேன்னு நான் சொல்லிட்டா உங்க பாரம் எறங்கிரும். எனக்கு அந்த ஆறு வருசம் அங்கயேதான் கெடக்கும். அதனால சொல்லாமலே இருந்துக்குறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல. அது சரிதான்" என்றேன். அப்படித்தான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மணி அடித்தது. "அந்தப் பக்கம் போதும், வெரசா வாங்கப்பு!" என்று பிள்ளைகளைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே அவர் வகுப்புக்குள் போனார். நான் ரோட்டுக்கு வந்து பஸ்சுக்காக நின்றேன். பஸ் வர அரைமணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் உள்ளே அவர் ஏழாம் வாய்ப்பாடு சொல்வதும், பிள்ளைகள் திருப்பிச் சொல்வதும் கேட்டுக்கொண்டிருந்தது.